எல்லை தாண்டிய சமரசம்... கையெழுத்துப் போட்டவர் பேச்சு மாறினால்?

சிங்கப்பூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் சென்னையிலிருந்து சரக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்த துணியில் பாதி சாயம் போகிறது.

இரு தரப்பும் சிங்கப்பூரில், நடுநிலையான ஒருவரின் உதவியோடு பேசி முடிக்கின்றன. 80,000 வெள்ளியைத் திருப்பித் தருவதாகச் சென்னை வர்த்தகர் கையெழுத்துப் போடுகிறார்.

ஆனால் பணம் வரவே இல்லை. இனி என்ன செய்வது?

சமரசத்துக்கு மதிப்பு இல்லையா?

பொதுவாக அது இன்னோர் ஒப்பந்தம், அவ்வளவுதான். மீறினால் புதிதாக வழக்குப் போட வேண்டும். அதுவும் வெளிநாட்டில்!

அதை மாற்றத்தான் சமரசம் குறித்த சிங்கப்பூர் உடன்படிக்கை வந்தது. அதில் சேர்ந்த நாட்டின் நீதிமன்றத்திடம் சமரச ஆவணத்தைக் காட்டி, அதை நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம்.

யார் எழுதியது?

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் அனைத்துலக வர்த்தகச் சட்ட ஆணையத்தில் பல நாட்டுச் சட்ட வல்லுநர்கள் சேர்ந்து எழுதினர். பணிக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சிங்கப்பூரின் நட்டாலி மாரிஸ்-ஷர்மா.

ஒரு சொல்லே சிக்கலானது. சில நாடுகளின் சட்டத்தில் 'அங்கீகாரம்' என்றால் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரான கனம் உண்டு. அதனால் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு, அது செய்யும் வேலையை மட்டும் விதியாக எழுதினர். எல்லாரும் ஒப்புக்கொள்ள அது வழிவிட்டது.

2019 ஆகஸ்ட் 7ஆம் தேதி 46 நாடுகள் கையெழுத்திட்டன. 2020 செப்டம்பர் 12ஆம் தேதி உடன்படிக்கை நடப்புக்கு வந்தது.

அப்போ கடைக்காரருக்குப் பணம் கிடைச்சிடுமா?

அவ்வளவு சுலபமில்லை. இந்தியா முதல் நாளே கையெழுத்திட்டது. ஆனால் கையெழுத்து மட்டும் ஒரு நாட்டைக் கட்டுப்படுத்தாது. உடன்படிக்கையை அது முறைப்படி ஏற்க வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டமோ அந்நாட்டில் நடக்கும் சமரசங்களுக்குத்தான் பொருந்தும்.

வேறு வழி?

இருக்கு. நடுவர் மன்றத்தில் வழக்கைத் தொடங்கி, நிறுத்திவைத்து, சமரசம் பேசி, முடிவை நடுவர் தீர்ப்பாகப் பதிவுசெய்யலாம். சிங்கப்பூரில் 2014 முதல் இந்த முறை உண்டு.

நடுவர் தீர்ப்புகளுக்கான 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் அதிகமான நாடுகள் உள்ளன. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா மூன்றும் அதில் அடக்கம்.

நமக்கும் இது பொருந்துமா?

இணையத்தில் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள், சம்பளப் பிரச்சினை, குடும்பம், வாரிசுரிமை ஆகியவை சிங்கப்பூர் உடன்படிக்கையில் சேராது. அது வர்த்தகப் பூசல்களுக்கு மட்டுமே.

வெளிநாட்டோடு சிறுதொழில் செய்கிறீர்களா? பூசல் வந்தால் எங்கே, எந்த முறையில் தீர்ப்பது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சண்டை வந்த பிறகு அந்த ஒரு வரிக்கு எதிர்த்தரப்பைச் சம்மதிக்க வைப்பது கஷ்டம்.