தோற்ற பருவமும் துணைநின்ற ரசிகரும்

2019ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கவுன்டி சாம்பியன்ஷிப் முதற்பிரிவில் நாட்டிங்காம்ஷயர் அணி பதினான்கு ஆட்டங்களுக்குக் களமிறங்கியது; ஒன்றில்கூட வெல்லவில்லை. அப்பருவத்தின் முடிவில் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்ட ஒரே அணி அதுதான். இடையில் வந்து சேர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின் ஐந்து ஆட்டங்களில் 34 விக்கெட்டுகளை வீழ்த்தியும் வெற்றி வாய்க்கவில்லை. அந்நிலையிலும் தலைமைப் பயிற்சியாளர் பீட்டர் மூர்ஸ் நீடிக்கட்டும் என்று கருதிய ரசிகர்கள் இருந்தனர். அத்தகையோரைப் பழம்பாசத்தில் மூழ்கிய முதியவர்கள் என்று எள்ளுவது கிரிக்கெட் உலகில் வழக்கமாகிவிட்டது. அந்த எள்ளலில் அறிவு குறைவு, அவசரமே மிகுதி.

எள்ளுவோரின் வாதம் எளிமையானது. பயிற்சியாளருக்கு ஊதியம் தருவது வெல்வதற்காக, வெல்லாதவர் விலக வேண்டும், மற்றதெல்லாம் சாக்கு. கேட்பதற்கு நேர்மையாக ஒலிக்கும் இவ்வாதம் ஓர் அடிப்படைக் கேள்வியைத் தாண்டிச் செல்கிறது: தோல்விக்குக் காரணம் எது? புள்ளிப்பட்டியல் தோல்வியைக் கணக்கிடும், காரணத்தைக் கூறாது. கவுன்டி அணியின் தேர்ந்த வீரர்களைத் தேசிய அணி எப்போது வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளும். 2019இல் உலகக் கோப்பை, ஆஷஸ் தொடர் இரண்டுமே இங்கிலாந்து மண்ணில் நடைபெற்றன. களத்தில் பந்துவீச்சை மாற்றுவதும் வியூகம் வகுப்பதும் அணித்தலைவரின் பணி. பயிற்சியாளரின் உழைப்போ இளம் வீரர் ஒருவரின் மட்டைவீச்சைச் செம்மையாக்குவது போன்றது. அதன் பயன் ஒரு கோடைக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடாது.

சரி, ரசிகர்களின் நம்பிக்கைக்கு 2019இல் என்ன ஆதாரம் இருந்தது? போதுமான ஆதாரம் இருந்தது. 1839இல் தோன்றிய சசெக்ஸ் கழகம் தன் முதல் கவுன்டி சாம்பியன் பட்டத்தை 2003இல் மூர்ஸின் பயிற்சியில் வென்றது. 1934க்குப் பின் தனித்த பட்டம் காணாத லங்காஷயர் 2011இல் அவருடைய பயிற்சியில் அதை வென்றது. மறு ஆண்டே அவ்வணி இரண்டாம் பிரிவுக்குச் சரிந்தது. கழகம் அவரை விலக்கவில்லை. 2013இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று அணி மீண்டெழுந்தது. நாட்டிங்காம்ஷயரிலும் 2017இல் ஒருநாள் கோப்பை, இருபது ஓவர் கோப்பை, முதற்பிரிவுக்கு ஏற்றம் ஆகிய மூன்றும் ஒரே பருவத்தில் கைகூடின. சரிந்த அணியை நிமிர்த்தத் தெரிந்தவர் என்பதற்கு இத்தனை சான்றுகள் இருந்தன. இவற்றை நினைவில் வைத்திருந்த ரசிகரைவிட, கடைசிப் பட்டியலை மட்டும் நோக்கியவர் எவ்வகையில் அறிவார்ந்தவர்?

கழகம் மூர்ஸை வைத்துக்கொண்டது. 2020இல் இருபது ஓவர் கோப்பை வந்தது. நான்கு நாள் ஆட்டத்தின் வறட்சி மட்டும் 2021 வரை நீண்டது. 2022இல் அணி இரண்டாம் பிரிவின் முதலிடத்துடன் மேலேறியது. 2025இல், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், கவுன்டி சாம்பியன் பட்டம் டிரென்ட் பிரிட்ஜுக்குத் திரும்பியது. மூன்று வெவ்வேறு கவுன்டிகளுக்குப் பட்டம் ஈட்டித் தந்த முதல் பயிற்சியாளர் என்ற பெருமை மூர்ஸைச் சேர்ந்தது. தோல்வி ஆண்டான 2019இல் முதல்தர ஆட்டத்தில் அறிமுகமான லியம் பேட்டர்சன்-வைட் அந்தப் பட்ட அணியில் இருந்தார். அணித்தலைவர் ஹசீப் ஹமீதோ, 2019இல் லங்காஷயர் விடுவித்த பின் நாட்டிங்காம் வந்தவர். ஒரு கழகம் கைவிட்டவர் இன்னொரு கழகத்தின் பொறுமையில் தலைவரானார்.

பின்னர் கிட்டிய வெற்றியைக் காட்டி முன்னைய பொறுமையை நியாயப்படுத்தலாமா என்று வினவலாம். வினா நியாயமானதே. 2025 பட்டம் நிகழாதிருந்தாலும் 2019இன் தீர்ப்பு சரியானதே, ஏனெனில் அது கையிலிருந்த சான்றுகளின் மீது அமைந்தது. இதே அளவுகோலின்படி, எந்தச் சான்றுமின்றி ஆண்டுகளைக் கடத்தும் பயிற்சியாளரை ரசிகர்கள் தாங்கத் தேவையில்லை. ஆதரவு என்பது கேள்வி கேளாமை ஆகாது. பெரும்பாலான கவுன்டி கழகங்கள் உறுப்பினர்களின் உடைமை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து வீரர் தேர்வையும் செலவையும் பற்றி வினவும் உரிமை அவர்களுக்குண்டு. அவ்வுரிமையைக் கடுமையாகப் பயன்படுத்திக்கொண்டே பயிற்சியாளருக்குத் துணைநிற்கவும் முடியும்.

மாற்று வழி எப்படிப்பட்டது என்பதை இங்கிலாந்து வாரியமே காட்டியிருக்கிறது. அது மூர்ஸை இருமுறை, 2009இலும் 2015இலும், நீக்கியது. இரண்டாம் முறை அவருக்கு முறையாகச் சொல்வதற்குள் செய்தி வெளியே கசிந்துவிட்டது. பொறுப்பேற்பு என்ற பெயரில் பலி கேட்கும் நிர்வாகத்தில் குறைந்தபட்ச மரியாதையும் உதிர்ந்துபோகிறது. அந்தப் பலியால் நிர்வாகிகள் எவரும் பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருவதில்லை; கேள்விகள் நீக்கப்பட்டவரோடு வெளியேறிவிடுகின்றன.

தோற்ற பருவத்தில் மழைக்காப்புடன் வந்து நான்கு நாளும் அமர்ந்திருந்த ரசிகர் பார்த்தது ஆட்டத்தை. அவரை ஏளனம் செய்தவர் பார்த்தது பட்டியலை. யாருடைய சொல்லுக்குக் கழகங்கள் செவிசாய்க்க வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.