வாஸ்து சுவரைத் தாங்குமா?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எப்படி வெளியே வந்தது என்பதைத் தோழர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். 1957-ல் தோண்டத் தொடங்கிய அவ்விடத்தில், கரிப் படுகைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்திய ஊற்றுநீரைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்த பிறகே, 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. எந்த யாகமும் அந்த நீரை அடக்கவில்லை. மனிதன் அறிவும் உழைப்புமே அடக்கின.

அப்பேர்ப்பட்ட ஊரிலுங்கூட ஒருவர் வீடு கட்டப் புறப்பட்டால் முதலில் தேடுவது வாஸ்துக்காரரைத்தான். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லை வாங்குகிறவர், அதை அடுக்கும் சுவருக்கு மாத்திரம் ஈசானிய மூலை பார்க்கிறார். கான்கிரீட்டைச் சாதாரண சிமெண்டானால் 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாளும் குறையாமல் ஈரமாய் வைத்திருக்க வேண்டுமென்று இந்தியத் தர விதி சொல்லுகிறது. அதை விசாரிப்பதில்லை. கலவை இளகட்டும் என்று குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினால் பலம் குறையும் என்பதையும் கேட்பதில்லை. பூசணிக்காய் கட்டியாய்விட்டது, அது போதுமாம்!

2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். இடி விழுந்ததாகக்கூடச் சொல்லிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடமும் ஆபத்தானதென்று 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்கும் இடியா காரணம்?

இந்த அலட்சியத்துக்கு மூலம் எது? கையால் வேலை செய்கிறவன் கீழானவன், மந்திரம் சொல்லுகிறவன் மேலானவன் என்கிற வருணாச்சிரம புத்தியே என்போம். அரைமணி மந்திரத்துக்குத் தட்சணை பேரமின்றிக் கிடைக்கிறது; கொத்தனாருக்கோ கூலியில் பேரம். சித்தாளாக வந்த பெண் இருபது வருஷம் கல் சுமந்தாலும் அவள் கையில் கரணையைக் கொடுப்பதில்லை. இழிவாய் நடத்தப்படுகிறவனிடம் சிறந்த வேலையை எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்?

தொழிலாளித் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். பூச்சுக்குள் மறைந்துவிடும் என்று கம்பியைக் குறைப்பதும், கோணலைச் சாந்தால் மூடுவதும் எஜமானனை மாத்திரம் ஏமாற்றுவதாகாது. அந்தக் கூரையின்கீழ் படுக்கப்போவது குழந்தைகள். குறைத்துப் போடு என்று மேஸ்திரியே சொன்னாலும் முடியாது என்று சொல்லுவதற்குப் பெயர்தான் சுயமரியாதை. வேலையில் நாணயம் என்பது முதலாளிக்குக் காட்டும் சலுகையல்ல, நம் மானம்.

ஆகவே, வீடு கட்டுவோர் வாஸ்துக்காரருக்கு அழும் பணத்தை நல்ல கம்பிக்கும், படித்த பொறியாளருக்கும், நியாயமான கூலிக்கும் செலவிடுவார்களாக. தூக்குக்குண்டு ஜாதியும் பார்க்காது, திசையும் பார்க்காது. சுவர் நேரா கோணலா என்பதை மாத்திரமே சொல்லும். நமக்கும் அந்தப் புத்தியே வேண்டும்.