பேரேடு வெளியூரில், பொறுப்பு நம் கடையில்



மளிகைக் கடையானாலும் மண்டியானாலும் இன்று பெரும்பாலும் பில் போடுவது கணிப்பொறியில்தான். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, நோட்டில் மட்டும் கணக்கு வைத்திருந்த பலரும் மாறிவிட்டோம். அதன் பின் இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. பலருடைய கணக்கு இப்போது கடைக் கணிப்பொறியிலும் இல்லை. வெளியூரில் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் இயந்திரத்தில் இருக்கிறது. இதைத்தான் கிளவுட் என்கிறார்கள். மாதாமாதம் சந்தா கட்டுகிறோம், பில் வருகிறது. கணக்கு எங்கே இருக்கிறது, எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்டால், "அதெல்லாம் சாப்ட்வேர்க்காரர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிடுகிறோம்.

இந்தப் போக்கு சரியல்ல என்பது நம் கருத்து. நமக்குத் தராசு செய்யத் தெரியாது. ஆனால் தராசு சரியாக நிற்கிறதா, முத்திரை போட்டிருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். கணக்கு விஷயத்திலும் அந்த அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பேரேடு இருக்கும் இடம்

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. நாளேட்டில் ஒரு வரவு எழுதும்போது ஓரத்தில் பேரேட்டுப் பக்க எண்ணைக் குறிப்போம் அல்லவா? அதே முறைதான். வாடிக்கையாளர் விவரம் ஓர் அட்டவணை, சரக்கு விவரம் ஓர் அட்டவணை, பில் ஓர் அட்டவணை. மூன்றையும் எண்களால் இணைப்பார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970-ல் இந்த முறையை வகுத்து ஒரு கட்டுரை எழுதினார். இன்று வங்கி முதல் மளிகைக் கடை வரை ஓடும் கணக்கு முறைகளில் பெரும்பகுதி அதன் வழி வந்ததுதான்.

இப்படிப்பட்ட டேட்டாபேஸை வாடகைக்கு வைத்துப் பராமரித்துத் தரும் சேவையை அமேசான் 2009-ல் ஆர்.டி.எஸ். என்ற பெயரில் தொடங்கியது. 2016-ல் மும்பையிலும் அதன் இயந்திரக் கூடங்களைத் திறந்தது. கூகுள், மைக்ரோசாப்ட் நிறுவனங்களும் இத்தகைய சேவை தருகின்றன. நமக்குப் பில் மென்பொருள் விற்பவர்களில் பலர் இவர்களிடம் இடம் பிடித்துத்தான் நம் கணக்கை வைக்கிறார்கள்.

இது கெட்ட காரியம் என்று நாம் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் வெள்ளம் கடைகளுக்குள் புகுந்ததைப் பார்த்தோம். நனைந்த நோட்டும் நனைந்த கணிப்பொறியும் ஒன்றுதான். பேரேடு வெளியூரில் பத்திரமாக இருப்பது நன்மையே. ஆனால் பேரேடு வெளியூர் போய்விட்டால், இங்கிருந்து அங்கே பதிவைக் கொண்டுபோகும் ஆள் யார் என்ற கேள்வி வருகிறது.

இடையில் நிற்கும் கணக்குப்பிள்ளை

அந்த ஆளின் பெயர் கிளையண்ட் லைப்ரரி. லைப்ரரி என்றதும் புத்தக சாலை என்று எண்ண வேண்டாம். டேட்டாபேஸோடு பேசுவதற்கென்று முன்கூட்டியே எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு அது. நம் கவுண்டரில் உள்ள பில் புரோகிராமோ, அதற்குப் பின்னால் விற்பனையாளர் ஓட்டும் புரோகிராமோ, இந்தத் தொகுப்பின் வழியாகத்தான் "இந்தப் பில்லை எழுது", "அந்தப் பாக்கியைக் காட்டு" என்று கேட்கிறது.

பிரபலமான லைப்ரரிகள் பல ஆண்டுகளாகப் பலர் கையில் பழகித் தேறியவை. கணக்குப்பிள்ளை கெட்டிக்காரர்தான். அவரிடம் வேலை சொல்லும் முறையில்தான் பெரும்பாலும் கோளாறு வருகிறது. அதில் நமக்கு நஷ்டம் வரக்கூடிய இடங்களை மட்டும் இங்கே சொல்கிறோம்.

பாதிப் பதிவு கூடாது

பத்து மூட்டை துவரம் பருப்பைக் கடனுக்குக் கொடுக்கிறோம். சரக்கு இருப்பில் பத்து குறைய வேண்டும். வாடிக்கையாளர் கணக்கில் பற்று ஏற வேண்டும். வரிக் கணக்கில் தொகை சேர வேண்டும். மூன்றும் நடந்தால்தான் பதிவு. இருப்பில் குறைந்து, பற்று எழுதுவதற்குள் இணையம் அறுந்தால் என்ன ஆகும்? சரக்கு போய்விட்டது, பாக்கி ஏறவில்லை.

இதற்கு மருந்து உண்டு. மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பலாம். இதற்கு டிரான்ஸாக்ஷன் என்று பெயர். எல்லாம் சரியாக முடிந்தால் கமிட் என்ற கட்டளையால் நிலைத்துவிடும். இடையில் ஒன்று தவறினாலும் ரோல்பேக் ஆகி, எதுவுமே எழுதாதது போல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் இன்னின்ன பதிவுகள் ஒரே கட்டு என்று புரோகிராம் எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால், ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பதிவாக எடுத்துக்கொள்வதே பல லைப்ரரிகளின் வழக்கம்.

ஒரே பில் இரண்டு முறை

லாரியில் சரக்கு அனுப்பினோம். சேர்ந்ததாகத் தகவல் வரவில்லை. உடனே இன்னொரு லோடு அனுப்புவோமா? லாரி ரசீது எண்ணைச் சொல்லி விசாரிப்போம்.

கிளவுட் கணக்கிலும் இதே நிலை வருகிறது. பில் அங்கே பதிவாகிவிட்டது, "பதிவாயிற்று" என்ற பதில் திரும்பி வரும் வழியில் இணையம் போய்விட்டது. கவுண்டரில் இருக்கும் பையன் மறுபடியும் பொத்தானை அழுத்துகிறான். இரண்டு பில் விழுகிறது. அடுத்தடுத்த எண் என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. இல்லாத விற்பனைக்கு வரி கட்டுவோம், இல்லாத பாக்கியை வாடிக்கையாளரிடம் கேட்டு மனஸ்தாபம் தேடிக்கொள்வோம்.

கவுண்டரை விட்டுக் கிளம்பும் முன்பே ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, "இந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் மறுபடி எழுதாதே" என்று டேட்டாபேஸில் கட்டுப்பாடு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. விற்பனையாளரிடம் இதைக் கேளுங்கள். அதோடு, இணையமே இல்லாத நேரத்தில் பில் போட முடியுமா என்பதையும் கேளுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் மாலையில் "சர்வர் வரவில்லை" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப முடியாது.

பைசாவும் தேதியும்

புரோகிராம்களில் பின்னம் எழுத இரண்டு வழி உண்டு. ஒன்று, பைசா பிசகாமல் வைக்கும் டெசிமல் முறை. மற்றொன்று, விஞ்ஞானக் கணக்குக்கு உகந்த தோராய முறை. தோராய முறையில் பத்துப் பைசாவைப் பத்து முறை கூட்டினால் ஒரு ரூபாய் வராது, 0.9999999999999999 என்று வரும். ஒரு பில்லில் கண்ணுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கான பில்லைக் கூட்டும்போது ஐந்தொகை ஒட்டாமல் நிற்கும். டேட்டாபேஸ் டெசிமலில் சரியாக வைத்திருந்தாலும், கொண்டு வரும் வழியில் புரோகிராம் அதைத் தோராய எண்ணாக மாற்றிவிடக்கூடும். சில லைப்ரரிகள் இந்தப் பயத்தால்தான் தொகையை எண்ணாகத் தராமல் எழுத்து வடிவிலேயே தருகின்றன.

அடுத்தது தேதி. ஆர்.டி.எஸ். போன்ற சேவைகளில் தொடக்கத்தில் வைத்திருப்பது சர்வதேச நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. புரோகிராமில் இதைக் கவனித்து மாற்றாவிட்டால், காலை 5.30-க்கு முன் போடும் பில்லெல்லாம் முதல் நாள் தேதியில் விழும். மளிகைக் கடைக்கு இது பெரிய விஷயமில்லை. விடியற்காலையில் வியாபாரம் முடிக்கும் காய்கறி, பழ மண்டிக்காரர்கள் யோசிக்க வேண்டும். ஏப்ரல் 1-ம் தேதி காலை 4 மணிக்குப் போட்ட பில், மார்ச் 31 இரவு 10.30 என்று பதிவானால் அது போன நிதியாண்டுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

சாவி யார் கையில்?

கல்லாச் சாவியைக் கடைக்கு வெளியே ஆணியில் மாட்டுவோமா? டேட்டாபேஸின் பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி, அந்தப் புரோகிராமை ஊரெங்கும் உள்ள கடைகளில் ஏற்றிவிட்டால் அதுதான் நடக்கிறது. பில் போடும் ஆளுக்குப் பில் போடும் உரிமை மட்டும் போதும். பழைய பில்லை அழிக்கும் உரிமை அவருக்கு எதற்கு? வேலையை விட்டுப் போனவரின் சாவி அன்றே செல்லாததாக வேண்டும். பதிவு போகும் வழியும் பூட்டிய பெட்டியாக இருக்க வேண்டும். மறுமுனையில் இருப்பது நம் டேட்டாபேஸ்தானா என்று சான்றிதழைச் சரிபார்ப்பது சில லைப்ரரிகளில் தானாக நடக்காது, சொன்னால்தான் நடக்கும்.

ஒரு சோதனையை நாமே செய்து பார்க்கலாம். டி'சூசா என்ற பெயரில் நடுவே வரும் ஒற்றைக் குறியோடு, ஆங்கிலத்தில் ஒரு வாடிக்கையாளர் பெயரை ஏற்றிப் பாருங்கள். புரோகிராம் தடுமாறினால், தட்டச்சு செய்ததை அப்படியே கட்டளைக்குள் ஒட்டி அனுப்புகிறார்கள் என்று சந்தேகப்பட இடமுண்டு. திருடன் பெயருக்குப் பதிலாகக் கட்டளையையே எழுதி உள்ளே நுழைவதும் இந்த ஓட்டை வழியாகத்தான். அச்சடித்த படிவத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவது போல, கட்டளையைத் தனியாகவும் விவரத்தைத் தனியாகவும் அனுப்பும் வசதி எல்லா நல்ல லைப்ரரியிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்குச் சாக்கு கிடையாது.

35 நாளும் 72 மாதமும்

நாம் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, பதிவு பெற்ற வணிகர் அந்த ஆண்டுக்கான ஆண்டு விவரத் தாக்கலின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். மின்னணு முறையில் கணக்கு வைத்தால் அதற்கு முறையான நகல் இருக்க வேண்டும், அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்க முடிய வேண்டும் என்று 57-வது விதி சொல்கிறது. இந்தக் கடமை வணிகர் தலையில் இருக்கிறது, சாப்ட்வேர் விற்றவர் தலையில் இல்லை.

"கிளவுட் தானாகவே நகல் எடுக்கும்" என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான். ஆனால் ஆர்.டி.எஸ். சேவையில் அந்தத் தானியங்கி நகலை அதிகபட்சம் 35 நாட்கள்தான் வைத்திருக்க முடியும். டேட்டாபேஸையே நீக்கும்போது, வைத்திரு என்று குறிப்பிடாவிட்டால் அந்த நகல்களும் சேர்ந்து போய்விடும். நீண்ட நாள் வேண்டுமென்றால் தனியாக நகல் எடுத்து வைக்க வேண்டும். 35 நாளுக்கும் 72 மாதத்துக்கும் இடையில் உள்ள பள்ளத்தை யார் நிரப்புவது? விற்பனையாளர் கடையை மூடிவிட்டால், போனை எடுக்காவிட்டால், நம் ஆறு வருடப் பாக்கிக் கணக்கு எங்கே போகும்?

எனவே கிளவுட் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். மாதம் ஒரு முறை முழுக் கணக்கையும் வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவில் நம் கைக்கு வாங்கி, தனியே பூட்டி வைக்க வேண்டும். வருடம் ஒரு முறையாவது அந்த நகலிலிருந்து கணக்கை மீட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். மீட்டுப் பார்க்காத நகல், திறந்து பார்க்காத மூட்டை மாதிரி. உள்ளே பருப்பா பதரா என்று அவிழ்த்தால்தான் தெரியும்.

சங்கம் முன்வர வேண்டும்

மேலே சொன்னதையெல்லாம் ஒரு சிறு கடைக்காரர் தனியாகப் போய்க் கேட்டால், விற்பனையாளர் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்கள் வியாபாரத்தைப் பாருங்கள்" என்பார். சங்கம் கேட்டால் உட்கார்ந்து பதில் எழுதித் தருவார். மூட்டைக்கு மூட்டை எடை குறைந்த காலத்தில் நாம் தனித்தனியாகச் சண்டை போடவில்லை, சேர்ந்து நின்றுதான் கேட்டோம்.

ஆகவே நம் சங்கம் ஒரு பக்க அளவில் பொதுவான கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, உறுப்பினர் அனைவருக்கும் வழங்க வேண்டும். அதற்கு எழுத்தில் பதில் தரும் மென்பொருளை மட்டுமே வாங்குவது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள், அடுத்த சந்தா கட்டும் முன் அந்தப் பட்டியலைக் கொடுத்துப் பதில் வாங்கட்டும். அதுவரை காத்திருக்காமல், இந்த வாரமே முழுக் கணக்கின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைக்கலாம். அதற்குத் தீர்மானம் தேவையில்லை.