சிகிச்சை முடிந்த பிறகு ‘ரெஸ்ட்’ மட்டும் போதுமா? மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு உடற்பயிற்சி ஏன் அவசியம்?

ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு முதலில் கிடைப்பது ஒரு நாற்காலி. “அம்மா, நீங்க எதையும் தொடாதீங்க, நாங்க பார்த்துக்கிறோம்” என்பார்கள் பிள்ளைகள். அந்தப் பக்கத்துக் கையால் குடம் தூக்கக் கூடாது, துணி பிழியக் கூடாது, மாவு பிசையக் கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா முதல் தூரத்துச் சொந்தம் வரை ஆளாளுக்கு ஒரு தடை உத்தரவு போடுவார்கள். எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தக் கை தோளுக்கு மேல் ஏறாது. ஜாக்கெட் கொக்கி மாட்ட இன்னொரு ஆள் வேண்டும். மாடிப்படி ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும்.

இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் குளோபோகான் மதிப்பீடு சொல்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்து, சிகிச்சையை முழுமையாக முடிப்பவர்களில் பெரும்பாலானோர் அதன் பிறகு பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகளை எப்படிப்பட்ட உடம்போடு வாழ்கிறார்கள் என்பதில்தான் நம் மருத்துவமனைகளும் அரசும் இன்னும் அக்கறை காட்டவில்லை.

பயம் எங்கிருந்து வந்தது?

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மார்பகத்தில் ஆபரேஷன் செய்யும்போது அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் பலருக்கு எடுத்துவிடுவார்கள். கையிலிருந்து நிணநீர் வடிந்து திரும்பும் பாதை அதுதான். முடிச்சுகள் போய், ரேடியேஷனும் சேர்ந்தால் அந்தப் பாதை அடைபடலாம். நீர் தேங்கிக் கை வீங்கும், கனக்கும், சிலருக்கு வளையலே ஏறாது. ஒருமுறை வந்துவிட்டால் முழுசாகப் போவதும் கஷ்டம். எனவே, ‘கையை உழைக்கவிட்டால் வீங்கும்’ என்று பல பத்தாண்டுகளாக டாக்டர்களே சொல்லிவந்தார்கள். அதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு.

1996-ல் கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி அதைச் சோதித்தார். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 24 பெண்களைச் சேர்த்து, டிராகன் படகு ஓட்டவைத்தார். நீளமான படகில் வரிசையாக உட்கார்ந்து, விடாமல் துடுப்புப் போட வேண்டிய விளையாட்டு அது. கை, தோள், முதுகு எல்லாவற்றுக்கும் வேலை. அதாவது, எதைச் செய்யக் கூடாது என்று சொன்னார்களோ அதையேதான் செய்தார்கள். எடுத்த எடுப்பில் தண்ணீரில் இறக்கிவிடவில்லை. முதலில் உடம்பைத் தயார்படுத்தும் பயிற்சி, பிறகு படகு. அவர்களில் யாருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் இப்படி மீண்டவர்களின் படகு அணிகள் இருக்கின்றன.

24 பேரை வைத்து ஒரு மருத்துவ விதியை மாற்றிவிட முடியாதுதான். அந்த வேலையைச் செய்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் இரண்டு நாள், ஓர் ஆண்டுக்கு எடை தூக்கியது. மற்றொரு குழு வழக்கம்போல இருந்தது. வீக்கம் திடீரென மோசமாகிச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் எடை தூக்காத குழுவில் 29 சதவீதம். எடை தூக்கிய குழுவில் 14 சதவீதம். இது 2009-ல் வெளியானது. அடுத்த ஆண்டு, வீக்கம் இன்னும் வராத 154 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. அதில் எடை தூக்கியவர்களில் 11 சதவீதத்தினருக்கும், தூக்காதவர்களில் 17 சதவீதத்தினருக்கும் வீக்கம் வந்தது. அதிக ஆபத்தில் இருப்பவர்களாகக் கருதப்படுகிற, 5 அல்லது அதற்கு மேல் நிணநீர் முடிச்சுகள் எடுக்கப்பட்டவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரியது: 7 சதவீதம், 22 சதவீதம்.

எடை தூக்குவதால் கை வீங்கும் என்ற பயத்துக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

‘மேற்பார்வை’ என்ற சொல் ஏன் முக்கியம்?

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஜிம்முக்குப் போய் ஐந்து கிலோ டம்பெல்லைத் தூக்குவது புத்திசாலித்தனம் அல்ல. அந்த ஆய்வில் முதல் 13 வாரங்களும் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் கண் முன்னால்தான் எல்லாம் நடந்தது. மிகக் குறைந்த எடையில் தொடங்கி, கையில் மாற்றம் இல்லை என்று உறுதியான பிறகே அடுத்த படிக்குப் போனார்கள். கையின் அளவைத் தவறாமல் கவனித்தார்கள். ஏற்கெனவே வீக்கம் உள்ளவர்கள் பயிற்சியின்போது இறுக்க உறை மாட்டிக்கொண்டார்கள். (சென்னை வெயிலில் அந்த உறையை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்வது லேசான காரியமில்லை, ஃபேன் ஓடும் அறையாவது வேண்டும்.)

மேற்பார்வைக்கு இன்னும் காரணங்கள் உண்டு. சில கீமோ மருந்துகளும், டிராஸ்டுசுமாப் போன்ற ஊசிகளும் இதயத்தைப் பலவீனப்படுத்தலாம். டாக்ஸேன் வகை மருந்துகள் எடுத்தவர்களுக்குப் பாதம் மரத்துப்போய், நடக்கும்போதே தடுமாற்றம் வரலாம். எலும்புக்கு நோய் பரவியிருந்தால் தவறான ஒரு பயிற்சி எலும்பையே முறித்துவிடும். அக்குளிலிருந்து முழங்கை நோக்கிக் கயிறு போல இழுத்துப் பிடிக்கும் பிரச்சினை சிலருக்கு வரும். அதைப் பார்த்துப் பயந்து கையை அசைக்காமலே வைத்துக்கொள்பவர்கள் அதிகம். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் யோகா வீடியோ பார்த்துச் சொல்லாது. ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார்.

தொடங்கும் நேரமும் முக்கியம். பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில், தோள் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 392 பெண்களிடம் நடந்த ‘புராஸ்பர்’ ஆய்வு 2021-ல் வெளியானது. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம், பத்து நாளிலேயே பிசியோதெரபிஸ்ட் துணையோடு தோள் அசைவுகளைத் தொடங்கினார்கள். சுமார் ஒரு மாதத்துக்குப் பிறகு வலுவூட்டும் பயிற்சிகள். ஓர் ஆண்டு முடிவில், வெறும் துண்டறிக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களைவிட இவர்களின் கை நன்றாக வேலை செய்தது. நம் ஊரில் பல இடங்களில் கையில் அந்தத் துண்டறிக்கை கிடைத்தாலே பெரிய விஷயம்.

மாத்திரையை நிறுத்தவைக்கும் மூட்டு வலி

பலரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, நோய் திரும்பாமல் இருக்க லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளை ஐந்து ஆண்டுகள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் கொடுப்பார்கள். இவற்றால் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, முட்டி வலிக்கும். வலி தாங்காமல், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடும் முடிவு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு, இப்படி வலியோடு இருந்த 121 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. வாரம் இரண்டு நாள் மேற்பார்வையில் எடைப் பயிற்சி, அதோடு வாரம் 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சி. ஓர் ஆண்டில் அவர்களின் கடுமையான வலி அளவு 29 சதவீதம் குறைந்தது. பயிற்சி செய்யாதவர்களுக்கு 3 சதவீதம் கூடியது.

“வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. வீட்டு வேலை களைப்பைத் தரும். ஆனால் தினமும் அதே பாத்திரம், அதே துடைப்பம், அதே பக்கம்தான். உடம்பு பலம் பெற, சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய சர்வதேச நிபுணர் குழு 2019-ல் சொன்னது: வாரம் மூன்று நாள், தலா 30 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி, இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி. சிகிச்சைக்குப் பிந்தைய சோர்வு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை இதனால் குறையும். மேற்பார்வையில் செய்தால் பலன் கூடுதல் என்றும் அந்தக் குழு குறிப்பிட்டது.

சரி, உடற்பயிற்சி செய்தால் நோய் திரும்பாதா? பெருங்குடல் புற்றுநோயில் 889 பேரிடம் நடந்த ‘சேலஞ்ச்’ ஆய்வு, மூன்று ஆண்டு வழிகாட்டுதலுடன் கூடிய பயிற்சி உயிர் காப்பதை 2025-ல் காட்டியது. மார்பகப் புற்றுநோயில் அந்த அளவுக்கு உறுதியான சோதனை முடிவு இன்னும் இல்லை. சுறுசுறுப்பாக இருப்பவர்கள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்ற கணிப்புகள் இருக்கின்றன, அவ்வளவுதான். அதைத் தாண்டி வாக்குறுதி தருபவர்களை நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் என்ன செய்யலாம்?

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய மாநிலம் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்கள் வீடு தேடியே போகிறார்கள். ஆட்களும் வாகனமும் பட்டியலும் ஏற்கெனவே இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த பெண்களின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்ப்பதும், அந்த பிசியோதெரபிஸ்ட்களுக்குக் கை வீக்கம் பற்றிச் சில நாள் பயிற்சி தருவதும் புதுக் கட்டடம் கட்டும் செலவல்ல. அதோடு, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரத்தில் இரண்டு பிற்பகல் இவர்களுக்கென ஒதுக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து செய்தால் கூச்சமும் போகும். தலைமுடி இன்னும் முழுசாக வளராதவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. பஸ் செலவும், அன்றைக்கு வீட்டில் யார் சமைப்பது என்ற கேள்வியும் இருக்கவே செய்யும். அதனால்தான் இடம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

“நல்லா நடங்கம்மா” என்று டாக்டர் போகிற போக்கில் சொல்வது மருந்துச் சீட்டு ஆகாது. எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எவ்வளவு எடை, யார் முன்னால் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளுக்குக் கீழேயே எழுதப்பட வேண்டும்.

அதுவரை, அடுத்த செக்கப்புக்குப் போகும் பெண் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். என் இதயமும் எலும்பும் பயிற்சிக்குத் தயாரா? என் கையை எந்த பிசியோதெரபிஸ்ட் பார்ப்பார்? எத்தனை கிலோவில் தொடங்கலாம்? வீட்டில் தையல் டேப் இருந்தால், மாதம் ஒருமுறை இரண்டு கைகளையும் மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, மேலே என அதே இடங்களில் அளந்து காலண்டரில் குறித்துவைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அளவு கூடினாலோ, கை கனத்தாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.