பேச்சுக்கும் பட்டணம் போகவேண்டுமா?

"காக்கா" என்று சொல்லச் சொன்னால் "தாத்தா" என்கிறான் ஏழு வயதுச் சிறுவன். வகுப்பு சிரிக்கிறது. மூன்று வயதில் அது மழலை. ஏழு வயதில் பயிற்சியால் திருத்தவேண்டிய குறை. சிரிப்புக்கு அஞ்சி அவன் வாயை மூடிக்கொள்கிறான். வாயை மூடிய பிள்ளைக்கு 'மந்தம்' என்று பெயர் சூட்டிக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுகிறோம்!

இதற்கு ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். நாக்கின் பின்பகுதியை எழுப்பி அண்ணத்தைத் தொடக் கற்றுக்கொடுக்கவேண்டும். வாரந்தோறும் அரைமணி நேரம், சில மாதங்கள். கற்றுக்கொடுப்பவர் எங்கே இருக்கிறார்? பட்டணத்தில்! தாய்க்கு ஒருநாள் கூலி போச்சு. பிள்ளைக்கு ஒருநாள் பள்ளி போச்சு. நாலு வாரம் போவார்கள். ஐந்தாம் வாரம் நடவு வந்துவிடும்.

காது கேளாத குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். பாராட்டுகிறோம். ஆனால் கருவி ஒலியைத்தான் தரும், சொல்லைத் தராது. பல லட்சம் செலவிட்ட பின், பயிற்சிக்குப் போக வழியில்லாமல் அக்குழந்தை ஊமையாகவே நிற்பதா?

திரைவழிப் பயிற்சி இன்று கனவல்ல. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பள்ளிகளில் இரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். திரைவழி பயின்ற பிள்ளைகளும் நேரில் பயின்ற பிள்ளைகளைப் போலவே முன்னேறினர். மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் தொலைவழிப் பயிற்சி அளிக்கிறது. நம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் திரையும் இணையமும் வந்துவிட்டன. பின் ஏன் தயக்கம்?

ஆனால், 'அப்பாவின் கைப்பேசியில் பார்த்துக்கொள்' என்று கைகழுவ நாம் சம்மதியோம். அந்தக் கைப்பேசி பகலெல்லாம் அப்பாவின் சட்டைப்பையில் வேலைத்தளத்தில் இருக்கிறது! பயிற்சி பள்ளியில், பள்ளி நேரத்தில் நடக்கவேண்டும். வாய்க்குள் வெளிச்சம் காட்டவும், நாக்கு போகும் இடத்தைப் பார்த்துச் சொல்லவும் பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். பயிற்றுநர் தமிழறிந்தவராக இருக்கவேண்டும். வட்டாரப் பேச்சும் அறிந்தவராக இருக்கவேண்டும். 'வாயப்பயம்' என்று சொல்லும் பிள்ளை நோயாளியல்ல, ஐயா! அவன் ஊர்ப் பேச்சு அது.

சட்டத்திலும் ஓர் ஓட்டை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் உண்டு. ஆனால் உடற்கூற்றாலோ நரம்பாலோ வந்த நிரந்தரக் குறைக்கே அது பொருந்தும். காக்காவைத் தாத்தா என்கிற பையனுக்கு அட்டை கிடைக்காது. அட்டை கேட்காமல், ஆசிரியர் சொல்லையே போதுமானதாகக் கொண்டு பயிற்சி தரவேண்டும் என்கிறோம்.

திரை வந்துவிட்டது, ஆள் தேவையில்லை என்று சிக்கனம் பேசுவோர் வரக்கூடும். திரைக்கு அப்பாலும் ஓர் ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பணியிடமும் மாதச் சம்பளமும் வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது போங்கள். வாய் திறவாமல் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியல் எடுத்து, திரைவழிப் பயிற்சி கோரும் தீர்மானத்துடன் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.