திரைக்குள் ஒரு டப்பா

கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ரோபோ, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற டப்பாவை எடுத்து, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மேஜைமேல் வைக்கிறது. அதற்கு ஒரு போட்டி, அதற்கு மார்க், அதற்காக ராத்திரி இரண்டு மணி வரை கண்முழிப்பு. "இது படிப்பா, வீடியோ கேமா?" என்று இன்ஜினியரிங் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் கேட்கிறார்கள். இங்கே மும்பையில் நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் பிள்ளைகளின் படிப்பில் வந்துதான் நிற்கும். ஒற்றைச் சம்பளம், வாடகை, கல்விக் கடன் என்று ஓடுகிற குடும்பம், "இதை விட்டுட்டு கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயார் பண்ணுடா" என்று சொல்வதில் ஆச்சரியமில்லை.

என் கட்சி, இது படிப்புதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் பி.காம். படித்து பேங்கில் உட்கார்ந்திருக்கும் ஆசாமி. படித்துப் பார்த்ததில் எனக்கு முதலில் புரிந்தது, ரோபோவுக்குப் பொருளை எடுப்பது பாதி வேலைதான், சொன்ன இடத்தில் சரியாக வைப்பதில்தான் மீதிக் கஷ்டம் என்பது. பிடிக்கும்போது டப்பா 5 டிகிரி திரும்பியிருந்து அதைக் கவனிக்காவிட்டால், வைக்கும்போதும் 5 டிகிரி கோணல்தான். ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் விட்டுவிட்டால் விழுந்து சாயும். விரல் திறக்கும்போது ஒரு பக்கமாக இழுபடும். தோளில் 1 டிகிரி பிசகினால் 80 செ.மீ. தள்ளியிருக்கும் விரல் நுனியில் அது கிட்டத்தட்ட 1.4 செ.மீ. பிசகு. சின்னச் சின்னத் தப்பெல்லாம் சேர்ந்து கடைசி அங்குலத்தில் வந்து நிற்கும்.

இதையெல்லாம் நிஜக் கையை வைத்துப் பழக வேண்டுமென்றால் பல லட்ச ரூபாய் வேண்டும். கஸிபோ மாதிரி சிமுலேஷன் மென்பொருள் இலவசம். ஒரு சுமாரான கம்ப்யூட்டர் போதும், ஆயிரம் தடவை டப்பாவைக் கீழே போட்டாலும் எதுவும் உடையாது. நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைக்கு இது திறந்திருக்கும் கதவு. அதை கேம் என்று சொல்லிச் சாத்துவது நியாயமில்லை.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன்.

கடன் கேட்டு வருபவர்களின் ப்ராஜக்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஐந்து வருஷமும் லாபம்தான். கணக்கில் ஒரு பைசா தப்பு இருக்காது. நாங்கள் அதைப் பார்த்து மயங்குவதில்லை. "விற்பனை 20 சதவீதம் குறைந்தால்? மூலப்பொருள் விலை ஏறினால்? பாக்கி மூன்று மாதம் தாமதமாக வந்தால்?" என்று கேட்போம். அந்த அடியைத் தாங்குகிற கணக்குக்குத்தான் மதிப்பு.

சிமுலேஷனும் அப்படித்தான். அந்த உலகத்தில் டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டால் தசம ஸ்தானம் வரை சுத்தமாகச் சொல்லிவிடும். உராய்வு என்பது நாம் எழுதிக் கொடுத்த ஒரு எண். நழுவாமல் இருக்கப் பொருளைக் கையோடு ஒட்டிவிடுகிற குறுக்கு வழியும் உண்டு. இப்படி ஒரு உலகத்தில் நூற்றுக்கு நூறு துல்லியம் என்றால், அது ஐந்து வருஷ லாபம் மாதிரி.

நல்ல போட்டி நடத்துபவர்களுக்கு இது தெரியும். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017ல் ஆரியாக் என்ற போட்டியை ஆரம்பித்தது. முழுக்க சிமுலேஷன்தான். பாகங்களை எடுத்துத் தட்டில் சொன்ன இடத்தில், சொன்ன கோணத்தில் வைக்க வேண்டும். ஆனால் வேண்டுமென்றே நடுவில் வம்பு செய்வார்கள். கை பிடித்த பாகம் நழுவும். எடுத்த பாகம் பழுதானதாக இருக்கும். சென்சார் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளும். பாதி வேலையில் ஆர்டர் மாறும். இதையெல்லாம் சமாளித்து வைத்தால்தான் மார்க்.

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் 2020ல் நடத்திய போட்டியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முதல் கட்டம் சிமுலேஷன். அதில் தேறியவர்கள் இணையம் வழியாக அங்கே இருக்கும் நிஜ ரோபோவை இயக்கி, ஒரு கனசதுரத்தை நகர்த்திச் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டை விட்டு நகராமலே நிஜத்தோடு ஒத்துப் பார்க்கிற வாய்ப்பு.

2019ல் ஓப்பன் ஏஐ காட்டிய ரூபிக் கனசதுரக் கையும் சிமுலேஷனில் பழகியதுதான். எடை, உராய்வு, அளவு எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பழக்கினார்கள். அதனால்தான் நிஜத்தில் வேலை செய்தது. அப்படியும் மிகக் கடினமாகக் கலைத்த கனசதுரத்தில் வெற்றி 20 சதவீதம்தான் என்று அவர்களே சொன்னார்கள். அந்த 20 எனக்கு நூற்றுக்கு நூறைவிட நம்பிக்கை தருகிறது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை லேப்டாப்பில் டப்பா அடுக்கினால் திட்டாதீர்கள். திரையில் நூறு வந்துவிட்டதென்று சொந்த ஊருக்கு போன் போட்டுச் சொல்லவும் அவசரப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள். "டப்பா எடையைக் கொஞ்சம் மாத்திப் பார்த்தியா? கேமரா ஒரு சென்டிமீட்டர் தப்பாச் சொன்னா என்ன ஆகும்?" இதற்கு ரோபோ படிப்பு தேவையில்லை, வரவு செலவு பார்க்கிற வீட்டில் எல்லோருக்கும் வருகிற கேள்விதான்.

"பார்த்தேம்ப்பா, பத்துல ஆறு தடவைதான் சரியா வெக்குது" என்று பதில் வந்தால் கவலைப்படாதீர்கள். பிள்ளை படிக்கிறான். இன்னும் ஒரு மணி நேரம் விளக்கு எரிந்தால் எரியட்டும், கரண்ட் பில்லை நாம் பார்த்துக்கொள்ளலாம்.