‘நிறுத்து’ என்று சொல்ல ஓர் ஆள்

பினாங்கு மக்கள் 1988 ஜூலை 31-ஐ மறக்க மாட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக் கூட்டம் ஒரு பக்கம். ஜார்ஜ் டவுனில் குவான் யின் விழாவுக்குப் புறப்பட்ட கூட்டம் இன்னொரு பக்கம். இரண்டும் பட்டர்வொர்த் பெர்ரி துறையில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. மேல்தளத்தில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மாலை ஐந்து மணி ஆவதற்குள் அந்தத் தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். காயம்பட்டவர்கள் 1,634 பேர்.

விதி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கூட்டம் வானத்திலிருந்து குதிப்பதில்லை. பத்துப் பேராக, நூறு பேராகத்தான் சேரும். சேர்வதைக் கண்ணால் பார்க்கிறவர்களும் அங்கேயே இருப்பார்கள். ‘போதும், இனி மேலே யாரும் ஏற வேண்டாம்’ என்று சொல்லிக் கதவைச் சாத்தும் அதிகாரம் அவர்களில் யாருக்கு இருந்தது? இந்த ஒரு கேள்வியை நம் தோட்டங்களிலும் கேட்க வேண்டும் என்பதற்காகவே பழைய கதையை எடுத்தேன்.

1,634 காயம் என்றால் என்ன என்று ஆஸ்பத்திரிக்காரனைக் கேளுங்கள். பெரிய விபத்தில் முதலில் வந்து சேருகிறவர்கள் சின்னக் காயக்காரர்கள்தான். அவர்களுக்கு நடக்க முடியும். உயிருக்குப் போராடுகிறவனைத் தூக்கி வருவதற்குள் கட்டில் எல்லாம் நிரம்பிவிடும். ஆகவே யாரை முதலில் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே இந்தப் பாடு என்றால், ஒரு டிரெசர், ஒரு கட்டில், ஒரு பழைய வேன் வைத்திருக்கும் தோட்டத்து மருந்தகத்தின் பாடு என்ன? (எத்தனையோ இடத்தில் அந்த மருந்தகத்தையும் மூடிவிட்டார்கள், அது வேறு விஷயம்.)

நம் ஆபத்துகள் நமக்குத் தெரியாதவை அல்ல. செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் ஒரு நொடிதான். அவனைத் தொட்டு இழுக்கப் போகிறவனும் சேர்ந்து போவான். மின்சாரத்தை நிறுத்தும் வரை யாரும் கிட்டே போகக் கூடாது. சரி, நிறுத்துவதற்கு யாருக்குப் போன் செய்வது? அந்த நம்பர் மண்டோரிடம் இருக்கிறதா, ஆபீசில் கிராணி மேசைக்குள் பூட்டிக் கிடக்கிறதா?

மருந்தடிப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. அதற்காகப் பல வருஷம் குரல் கொடுத்தவர்களில் பினாங்கில் இருந்து இயங்குகிறவர்களும் உண்டு. ஆனால் அது போனதால் விஷமே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எந்தக் களைக்கொல்லி உடம்பில் கொட்டினாலும் முதல் வேலை உடுப்பைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுவது. கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காட்டுக்குள் அந்தத் தண்ணீர் எங்கே? இருக்கிற தண்ணீர் மருந்து கலக்க மட்டும்தான் என்றால் அது ஏற்பாடே இல்லை. விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். ஆளோடு சேர்த்து, லேபிள் ஒட்டிய டப்பாவையும் கொண்டு வாருங்கள்.

டப்பா எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். போபால் நினைவிருக்கிறதா? 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த ஜனங்களுக்கு என்ன வைத்தியம் பார்ப்பது என்று டாக்டர்கள் திகைத்தார்கள். என்ன விஷம் என்று யாரும் அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. விஷத்தின் பெயர் தெரியாத இடத்தில் டாக்டரின் கை பாதி கட்டப்பட்டதுதான். நம் நாட்டின் தேசிய விஷத் தகவல் மையம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணை மருந்துக் கிடங்குக் கதவில் பெயிண்டால் எழுதி வைக்க எத்தனை வெள்ளி செலவாகும்?

இனி, ‘நிறுத்து’ என்பதற்கு வருவோம். லோரியில் ஆள் அதிகம் ஏறிவிட்டது. மண்டோருக்கும் தெரிகிறது. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது, மருந்து முகத்துக்கே திரும்பி வருகிறது. மண்டோருக்கு அதுவும் தெரிகிறது. ஆனால் வேலையை நிறுத்தினால் அன்றைய கணக்குக் குறையும், ஆபீசில் அவருக்குத்தான் ஏச்சு. நிறுத்தாமல் விட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒருவரும் அவரைக் கேட்பதில்லை. இப்படி வைத்துக்கொண்டு, விபத்து நடந்த பிறகு ‘மண்டோர் கவனிக்கவில்லை’ என்று எழுதுவது நியாயமா? நான் மண்டோருக்கு வக்காலத்து வாங்கவில்லை. நிறுத்துகிறவரை ஏசாத நிர்வாகம் வேண்டும் என்கிறேன்.

சட்டம் இப்போது நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. வேலை நேரத்தில் நேரக்கூடிய அவசர நிலைக்கு என்ன செய்வது என்று முதலாளி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி வைக்கக் கடமை இல்லாவிட்டால், ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். நாற்பது பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்பது முன்பே உள்ளது. முதலாளி கடமை தவறினால் அபராதம் ஐந்து லட்சம் வெள்ளி வரை போகலாம்.

இன்னொரு பிரிவு முக்கியமானது. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று தகுந்த காரணத்தோடு நம்புகிற தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. கவனியுங்கள்: முதலில் சொல்ல வேண்டும். சாட்சி இருக்கும்படி சொல்ல வேண்டும். சொல்லாமல் போய்விட்டால் ‘வேலைக்கு வரவில்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

இந்த உரிமை நம் பக்கத்தில் நிற்கும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் இந்தோனேசியப் பெண்ணுக்கும் உண்டு. அவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் பெர்மிட் போய்விடும் என்ற பயத்தில் வாய் திறக்க மாட்டார்கள். நாம் சொல்லாமல் அவர்களுக்கு யார் சொல்லுவது? எச்சரிக்கைப் பலகையை அவர்கள் பாஷையிலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பொதுவாகப் ‘பாதுகாப்பு வேண்டும்’ என்று தீர்மானம் போடாதீர்கள், அதை வாங்கி ஃபைலில் வைத்துவிடுவார்கள். காட்டில் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் லீவில் போனால் அடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு ஒருவரைப் பாம்பு கடித்தால் வேன் சாவி யார் வீட்டில் இருக்கும் என்று கேளுங்கள். பதிலை எழுதிப் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டச் சொல்லுங்கள்.